வாய் ஜாஸ்தின்னு ஒரு பையனை உட்கார வெச்சா

"திறமை இருக்குங்க. ஆனா வாய் ஜாஸ்தி. ப்ரொஃபஷனலா நடந்துக்கத் தெரியலை."

பதினேழு வயசுப் பையனைப் பத்தி ஒரு பெரிய மனுஷர் சொன்னது இது. ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கிற இடத்துல இருக்கிறவர். கேட்டதுல இருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. அதான் இந்தப் பதிவு. (நீளமாப் போகும். காபி போட்டுட்டு வந்து உட்காருங்க.)

பையன் யாரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த டீம், எதையும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவன் ஆடணும்.

சிறுமலை அடிவாரத்துல வீடு. அப்பாவுக்கு வாழைத்தார் ஏத்தி இறக்குற வேலை. இவன் விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மலை ரோட்டுல ஓடுவான். சிறுமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும், 18 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல போனாலே வயித்தைப் புரட்டும். அந்த ரோட்டுல முடிஞ்ச வரைக்கும் ஓடி ஏறி, எறங்கி வந்து, குளிச்சிட்டு ஸ்கூலுக்குக் கிளம்புவான். யாரும் அவனை ஓடச் சொல்லலை.

அவன் செஞ்ச குத்தம் என்னன்னா, வெளியூர்ல ஆடிட்டு வந்ததுக்குப் பசங்களுக்குச் சேர வேண்டிய பேட்டா காசு வரலை. எல்லாரும் முணுமுணுத்தாங்க. இவன் மட்டும் நேரா போய், "சார், பசங்க பஸ் காசு எப்ப சார் கெடைக்கும்?"னு கேட்டுட்டான். சார்னு ரெண்டு தடவை போட்டுத்தான் கேட்டிருக்கான்.

அடுத்த லிஸ்ட்ல பேர் இல்லை.

"அக்கா, நான் கேட்டது தப்பா?"ன்னு வந்து நின்னான். இல்லடான்னு சொன்னேன். ஆனா அந்த ஒத்தை வார்த்தை பத்தலை. தன்ராஜ் பிள்ளை கதையை முழுசாச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

*

தன்ராஜ் பிள்ளை தமிழ் வீட்டுப் பிள்ளை. பொறந்து வளர்ந்தது புனே பக்கம் கட்கி. 1968ல பொறந்தவர். அப்பா அங்க வெடிமருந்துத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கிற வேலை பார்த்தவர். அண்ணன் தம்பிங்க எல்லாம் ஹாக்கி. மட்டை வாங்க வசதி இல்லை. உடைஞ்ச மட்டையை எடுத்து, கயிறு சுத்தி ஒட்டி ஆடிப் பழகின ஆளுங்க.

அங்க இருந்து வந்து 1989 கடைசியில இந்திய டீம்ல நுழைஞ்சவர், 2004 ஆகஸ்ட் வரைக்கும் ஆடினார். நாலு ஒலிம்பிக். நாலு உலகக் கோப்பை. நாலு சாம்பியன்ஸ் டிராபி. நாலு ஆசிய விளையாட்டு. எல்லாத்துலயும் நாலு.

பந்து கெடைச்சதும் தலைமுடி பறக்க வலது பக்கமா அவர் கிளம்புறதை தூர்தர்ஷன்ல பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. எங்க வீட்டுல அப்பல்லாம் ஆட்டம் வந்தா அடுப்படி வேலை நின்னுரும். அம்மாவுக்கு ஹாக்கி ரூல்ஸ் ஒண்ணும் தெரியாது. "அந்த முடிக்காரப் பையன் வந்தா கூப்பிடு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

கோபக்காரர்னு பேர். அழுவார். கத்துவார். மைக் கெடைச்சா மனசுல உள்ளதைக் கொட்டிருவார். 2000 சிட்னி ஒலிம்பிக்ல போலந்தை ஜெயிச்சா அரை இறுதி. 1-0ன்னு முன்னாடி இருந்து, ஆட்டம் முடியப் போற நேரத்துல ஒரு கோல் வாங்கி டிரா ஆச்சு. அன்னைக்கு மைதானத்துல அவர் அழுததைப் பார்த்து நாங்களும் அழுதோம். முப்பத்திரண்டு வயசு ஆம்பளை, ஊரே பார்க்க அழுறார். எனக்கு அதுல ஒரு வெக்கமும் தெரியலை. தோத்தா இப்படி வலிக்கிற ஒருத்தர் நம்ம பக்கம் ஆடுறாரேன்னுதான் இருந்துச்சு.

இனிமேதான் முக்கியமான இடம்.

1998 டிசம்பர். பாங்காக் ஆசிய விளையாட்டு. தன்ராஜ்தான் கேப்டன். இறுதி ஆட்டத்துல கொரியாவோட 1-1. பெனால்டில 4-2. கோல்கீப்பர் ஆசிஷ் பல்லால் தடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது. ஆசிய விளையாட்டு ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்கு வந்து 32 வருஷம் ஆகியிருந்துச்சு. (அதுக்கு முன்னாடி ஜெயிச்சது 1966ல. அதுவும் பாங்காக்லதான்.)

தங்கத்தோட வந்தவங்களுக்கு என்ன கெடைச்சுது தெரியுமா?

அடுத்த டீம்ல தன்ராஜ் இல்லை. இன்னும் ஆறு மூத்த வீரர்களும் இல்லை. அப்ப ஹாக்கி சம்மேளனம் கே.பி.எஸ். கில் கையில இருந்துச்சு. "ஓய்வு குடுத்திருக்கோம்"னு சொன்னாங்க. யாரு நம்புறது? ஆட்டக்காரங்களுக்குக் குடுக்கிற காசு பத்தலை, வெளிநாட்டுப் பயணத்துல வசதி பத்தலைன்னு தன்ராஜ் வெளிப்படையாப் பேசினவர். அதுக்கான பதிலடின்னுதான் அன்னைக்கு விளையாட்டுப் பக்கம் படிச்ச எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

தங்கம் வாங்கிட்டு வந்த கேப்டனே காசு கேட்டதும் வெளிய. எங்க ஊருப் பையன் பஸ் காசு கேட்டதும் வெளிய. வருஷம்தான் மாறியிருக்கு.

*

எங்கண்ணன் ஹாக்கி ஆடினவர். ஃபுல் பேக். பெரிய அளவுல இல்ல, ஆனா அந்த ஆட்டத்தால ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வாங்கி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவர். 1996 டிசம்பர்ல சென்னைல சாம்பியன்ஸ் டிராபி நடந்தப்ப எழும்பூர் மைதானத்துல போய் உட்கார்ந்து பார்த்துட்டு வந்தவர். இந்தியா நாலாவதா வந்த அந்தப் போட்டியைப் பத்தி இன்னைக்குக் கேட்டாலும் மணிக்கணக்காப் பேசுவார். வேற எதைப் பத்தியும் அவ்வளவு பேச மாட்டார்.

பையன் விஷயத்தை அவர்கிட்ட கொண்டு போனேன். கோபப்படுவார்னு நினைச்சேன். அவர் ரொம்ப நிதானமாச் சொன்னார்:

"ஏத்தா, எங்க காலத்துல சம்பளம் ஹாக்கியில இருந்தா வந்துச்சு? ஆபீஸ்ல இருந்து வந்துச்சு. லீவு குடுக்கிறவர் ஆபீசர். டீம் எடுக்கிறவரும் ஆபீசர். பிரமோஷன் போடுறவரும் அவரே. வாயைத் திறந்தா ஆட்டமும் போகும், சோறும் போகும். அதான் எல்லாரும் கம்முனு இருந்தோம்."

இதைக் கேட்டதும் எனக்கு நிறைய விஷயம் வெளங்குச்சு.

நம்ம நாட்டுல ஹாக்கிக்காரங்களுக்கு யாரு சோறு போட்டாங்க? ரயில்வே, இந்தியன் ஆயில், ஏர் இந்தியா, வங்கிகள், போலீஸ், ராணுவம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எங்க வீட்டு உலையும் அதுலதான் கொதிச்சுது. கிராமத்துப் பையன் மட்டையைத் தூக்கும்போதே அவங்க அம்மா மனசுல ஓடுறது ஒலிம்பிக் இல்லை, ஒரு ரயில்வே வேலை. ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. மைதானத்துல ஆடுற ஆளு, ஆபீஸ்ல கீழ்நிலை ஊழியர். அப்படி ஒருத்தர் மேலதிகாரி முன்னாடி எப்படி நிப்பாரோ, அப்படியே செலக்டர் முன்னாடியும் நின்னு பழகிட்டார். அடங்கி நிக்கிறதுக்குத்தான் "நல்ல பையன்"னு பேர்.

தன்ராஜும் ஏர் இந்தியாக்காரர்தான். ஆனா அவர் வெளியிலயும் ஆடினார். லண்டன்ல இண்டியன் ஜிம்கானா, பிரான்ஸ்ல லியோன், ஜெர்மனில ஸ்டுட்கார்ட், டாக்காவுல அபாஹனி, மலேசியா, ஹாங்காங்னு கிளப் கிளப்பாப் போய் ஆடிச் சம்பாதிச்சவர். ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேக்கலாம், குடுப்பாங்கன்னு கண்ணால பார்த்த ஆளு. அவருக்கு வாய் வந்ததுல ஆச்சரியம் இல்லை. காசுக்கு ஆடுற தொழில்காரன் தன் காசைக் கேக்குறான். நம்மாளுங்க அதையே தொழில்முறை தெரியாத நடத்தைன்னு சொன்னாங்க!

இன்னொண்ணும் பாருங்க. 98ல கழட்டி விட்டதும் அவர் மட்டையை வீசிட்டுப் போகலை. திரும்பி வந்தார். 2003ல கோலாலம்பூர்ல ஆசியக் கோப்பை. மறுபடியும் அவர்தான் கேப்டன், முப்பத்தஞ்சு வயசு. பாகிஸ்தானை 4-2ன்னு அடிச்சு இந்தியா முதல் தடவையா ஆசியக் கோப்பையை வாங்குச்சு. அந்த வயசுல ஃபார்வர்டா ஓடணும்னா உடம்பை எப்படி வெச்சிருக்கணும், சாப்பாட்டுல, தூக்கத்துல எவ்வளவு கட்டுப்பாடு வேணும்! வாயில மட்டும்தான் அந்த ஆளுக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும், மிச்சம் எல்லாத்துலயும் இருந்துச்சே.

அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக். போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கோச்சை மாத்தினாங்க. ஜெர்மன்காரர் கெர்ஹார்ட் ராக் வந்தார். நாலாவது ஒலிம்பிக் ஆடப் போன தன்ராஜை பெரும்பாலும் பெஞ்சுல உட்கார வெச்சாங்க. இந்தியா ஏழாவது. அதோட அவர் ஆட்டம் முடிஞ்சுது.

ஒழுங்கு, கட்டுப்பாடுன்னு பேசின சம்மேளனம் என்ன ஆச்சு? 2008 மார்ச்சுல சிலி நாட்டு சாண்டியாகோவுல பிரிட்டன்கிட்ட 0-2 தோத்து, இந்திய ஆண்கள் ஹாக்கி டீம் முதல் தடவையா ஒலிம்பிக்குக்கே தகுதி பெறலை. ஏப்ரல்ல அந்தச் சம்மேளனத்தையே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

*

இவ்வளவு பேசிட்டு எதிர்ப்பக்கத்தை விட்டுட்டா நியாயம் இல்லை.

எல்லா "வாயும்" எனக்கு ஒண்ணு இல்லை. அம்பயர்கிட்ட எகிறுற வாய், எதிராளி காலைத் தட்டிட்டு நெஞ்சை நிமிர்த்துற வீறாப்பு, கூட ஆடுறவன் பாஸ் குடுக்கலைன்னா கையை விரிச்சு ஊருக்கே காட்டுறது. இதெல்லாம் எனக்கு ஆகாது. இதுல அந்தப் பெரிய மனுஷர் பக்கம்தான் நான்.

ஹாக்கில இதுக்குக் கணக்கே இருக்கு. பச்சை கார்டுன்னா ரெண்டு நிமிஷம் வெளிய. (முந்தி வெறும் எச்சரிக்கைதான். இப்ப அப்படி இல்லை.) மஞ்சள்னா குறைஞ்சது அஞ்சு நிமிஷம். சிவப்புன்னா அவ்வளவுதான், கிளம்பு. ஒவ்வொரு தடவையும் டீம்ல ஒரு ஆள் குறைவு. எங்கண்ணன் சொல்ற மாதிரி, "நீ கோபப்பட்டுட்டு நாற்காலில உட்கார்ந்துக்குவ. உன் ஓட்டத்தை இன்னொருத்தன் சேர்த்து ஓடணும்."

அறுபது நிமிஷ ஆட்டத்துல ஒரு ஆள் குறைஞ்சா என்ன ஆகும்னு பாரிஸ் ஒலிம்பிக்ல பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 4, கால் இறுதி, எதிர்ல பிரிட்டன். 17வது நிமிஷத்துல அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு கார்டு. அது கோபத்துல நடந்தது மாதிரி எனக்குத் தெரியலை, பந்தோட போகும்போது மட்டை எதிராளி தலையில பட்டுச்சு. ஆனா கார்டு கார்டுதான். மிச்சம் நாப்பது நிமிஷத்துக்கு மேல பத்து பேர்! அந்தப் பத்து பேர்ல ஒருத்தரும் பொலம்பிக்கிட்டு நிக்கலை. ஆளாளுக்கு இடம் மாறி, மூச்சு வாங்கி, 1-1ல நிறுத்தி, ஷூட்டவுட்ல 4-2ன்னு முடிச்சாங்க. அன்னைக்கு நான் டிவி முன்னாடி உட்காரவே இல்லை, நின்னுக்கிட்டேதான் பார்த்தேன்.

அரை இறுதில ரோஹிதாஸுக்குத் தடை. ஜெர்மனிகிட்ட 2-3. ஒரு கார்டோட விலை எங்க வரைக்கும் போகுது பாருங்க.

அதனாலதான் கோட்டை எங்க போடணும்னு எனக்கு ஒரு தெளிவு இருக்கு. உன்னால கூட ஆடுறவன் கஷ்டப்படுறானா? அப்ப உன் குணத்தை அடக்கு. கூட ஆடுறவனுக்காக நீ பேசுறியா? அப்ப எவன் சொன்னாலும் அடக்காத.

நம்ம பையன் கேட்டது அவன் பஸ் காசை மட்டும் இல்லை. "பசங்க பஸ் காசு"ன்னு கேட்டான்.

*

சரி, குணமும் தொழிலும் ஒரே ஆளுகிட்ட சண்டை போடாம இருக்க முடியுமா?

முடியும். பேர் ஸ்ரீஜேஷ்.

கேரளா, எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலம். விவசாயக் குடும்பம். கோல்கீப்பருக்குக் காலுக்குக் கட்டுற பேட் வாங்க அப்பா வீட்டுப் பசுமாட்டை வித்தார். அந்தப் பையன் 336 ஆட்டம் ஆடி, டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார்.

வாய்னா அப்படி ஒரு வாய்! ஆட்டம் முழுக்கக் கத்திக்கிட்டே இருப்பார். "இடது பக்கம் வா, அவனைப் பிடி, பின்னாடி பாரு"ன்னு. 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. ஜெர்மனியோட 5-4. ஆட்டம் முடிய சில நொடி இருக்கும்போது ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். தடுத்தாச்சு. 41 வருஷம் கழிச்சு இந்தியாவுக்கு ஹாக்கிப் பதக்கம். (1980 மாஸ்கோவுக்கு அப்புறம் அதுதான். அந்த மாஸ்கோ டீமுக்குக் கேப்டன் நம்ம ஆரணிக்காரர் வாசுதேவன் பாஸ்கரன்.) ஸ்ரீஜேஷ் என்ன பண்ணார்? கோல் போஸ்ட் மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டார். தான் இவ்வளவு வருஷம் காவல் காத்த இடத்து மேல, கவசத்தோட, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு!

அந்தப் படத்தைப் பார்த்து யாராவது "ப்ரொஃபஷனலா இல்லை"ன்னு சொன்னாங்களா? ஜெயிச்சா குணம் ரசிக்கிற விஷயம் ஆயிருது. தோத்தா அதே குணம் திமிர். இந்த ரெட்டை நியாயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது.

இன்னொரு விஷயம். கோல்கீப்பருக்கு வாய் ஜாஸ்தியாத்தான் இருக்கணும். மைதானம் முழுசா அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவர் பேசலைன்னா தடுப்பு வரிசை குருட்டுல நிக்கும். கம்முனு இருக்கிற கோல்கீப்பரைத்தான் திட்டணும்.

2025ல ஜூனியர் உலகக் கோப்பை நம்ம சென்னைலயும் மதுரைலயும் நடந்துச்சு. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துல புதுசா டர்ஃப் போட்டு ஸ்டேடியம் கட்டியிருந்தாங்க. திண்டுக்கல்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. விடுவோமா? டிசம்பர் 2, இந்தியா சுவிட்சர்லாந்து ஆட்டம். எங்கண்ணன், அண்ணி, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கன்னு ஒரு வண்டி ஆள் கிளம்பிட்டோம். 5-0ன்னு ஜெயிச்சாங்க. ஆனா என் கண்ணு பாதி நேரம் பெஞ்சு பக்கம்தான். அங்க கோச்சா நின்னது ஸ்ரீஜேஷ்!

அந்த டீம்தான் அரை இறுதில ஜெர்மனிகிட்ட 1-5ன்னு நொறுங்குச்சு. வெண்கலத்துக்கான ஆட்டத்துல அர்ஜென்டினாவோட 0-2 பின்னாடி. கடைசிக் கால்பகுதில நாலு கோல். 4-2! டோக்கியோவுல கோல் போஸ்ட் மேல ஏறின அதே ஆளு வளர்த்த பசங்க. அடி வாங்கி மூணாம் நாள் எந்திரிச்சு வந்து இப்படி ஆட அவங்களுக்கு யாரு கத்துக் குடுத்திருப்பாங்க?

சீனியர் டீமுக்குக் கேப்டனா பாரிஸ் போன ஹர்மன்பிரீத் சிங் ஸ்ரீஜேஷுக்கு நேர் எதிர். பாரிஸ்ல பத்து கோல், அந்த ஒலிம்பிக்லயே அதிகம். முகத்துல ஒரு சலனம் இருக்காது. பெனால்டி கார்னர் அடிப்பார், திரும்பி நடப்பார். ஸ்ரீஜேஷும் அவரும் பல வருஷம் ஒண்ணா ஆடினாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாதிரி ஆகணும்னு யாரும் கேக்கலை. குழம்புக்குப் புளியும் வேணும் உப்பும் வேணும்னு நம்ம வீட்டுல யாருக்கும் சொல்லித் தர வேண்டியது இல்லையே.

*

பொண்ணுங்களைப் பத்திச் சொல்லாம இதை முடிக்க முடியாது.

வந்தனா கட்டாரியா. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத். டோக்கியோவுல தென்னாப்பிரிக்காவோட மூணு கோல் போட்டு, ஒலிம்பிக்ல ஹாட்ரிக் அடிச்ச முதல் இந்தியப் பெண் ஆனாங்க. அதுக்கு முன்னாடி அதே வருஷம் அப்பா இறந்திருந்தார். பயிற்சி முகாம்ல இருந்ததால கடைசியா முகம் பார்க்கக்கூட ஊருக்குப் போகலை.

அரை இறுதில இந்தியா தோத்துச்சு. அன்னைக்கு அவங்க வீட்டு வாசல்ல சில பேர் வந்து பட்டாசு வெடிச்சு, சாதியைச் சொல்லி ஏசினாங்க. மக எங்கயோ ஜப்பான்ல நாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கா, இங்க வீட்டு வாசல்ல இப்படி.

ரெண்டு நாள் கழிச்சு வெண்கலத்துக்கான ஆட்டம், பிரிட்டனோட. 3-4ன்னு தோத்தோம். அந்த மூணுல ஒரு கோல் வந்தனா போட்டது.

எனக்கு இதை எழுதும்போது தொண்டை அடைக்குது. தொழில் தர்மம்னா என்னன்னு யாருக்காவது பாடம் எடுக்கணும்னா, அந்த ஒரு கோலைக் காட்டினாப் போதும். அந்தப் பொண்ணு நாலு வார்த்தை கோபமாப் பேசினாலும், அதைத் தப்புன்னு சொல்ல இந்த நாட்டுல யாருக்கும் அருகதை இல்லை.

*

ஆட்டமே மாறிருச்சு, இப்ப தனி ஆளுக்கு வேலை இல்லைன்னு ஒரு பேச்சும் உண்டு. அதுல பாதி உண்மை. 1976 மாண்ட்ரியல்ல ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு வந்துச்சு. புல்தரையில பந்தைக் கட்டி இழுத்து நாலு பேரை ஏமாத்திப் போற ஆட்டம் அதோட குறைஞ்சுது. தொண்ணூறுகள்ல ஆஃப்சைடை எடுத்தாங்க. ஆளை எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம்னு வந்துச்சு. இன்னைக்கு ஃபார்வர்டு நாலஞ்சு நிமிஷம் உயிரைக் குடுத்து ஓடிட்டு வெளிய வரணும், மூச்சு வாங்கிட்டுத் திரும்ப உள்ள போகணும். "நான் ஸ்டார், வெளிய வர மாட்டேன்"னு நின்னா டீம் கெட்டுரும். முதுகுல கட்டின கருவி எவ்வளவு தூரம் ஓடினான்னு சொல்லிரும், ஏமாத்த முடியாது.

ஆனா இதெல்லாம் ஆட்டத்துக்குள்ள இருக்கிற கட்டுப்பாடு. இதைக் கோச் கேட்டா எந்தப் பையனும் குடுக்கணும். 18 வளைவு ஓடி ஏறுற பையன் குடுக்க மாட்டானா? மைதானத்துக்கு வெளிய காசைப் பத்தி, சாப்பாட்டைப் பத்தி, செருப்பு பிஞ்சதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்றது எந்தக் கட்டுப்பாட்டுல சேர்த்தி?

2010 ஜனவரி ஞாபகம் இருக்கா? டெல்லில உலகக் கோப்பைக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. புனே முகாம்ல இந்திய டீம் மொத்தமும் பயிற்சிக்குப் போக மாட்டோம்னு உட்கார்ந்துருச்சு. வர வேண்டிய பாக்கி வரலை, அதான். துரோகிங்கன்னு திட்டினவங்களும் உண்டு. ஆனா 98ல ஒத்தை ஆளாப் பேசினதை, 2010ல டீமே சேர்ந்து பேசுச்சு. பேச்சுவார்த்தை நடந்து, காசு முடிவாகி, திரும்ப ஆட வந்தாங்க. முதல் ஆட்டத்துல பாகிஸ்தானை 4-1. காசு கேட்டவனுக்கு நாட்டுப்பற்று இல்லைன்னு சொன்னவங்க அன்னைக்கு எங்க போனாங்கன்னு தெரியலை.

இப்ப ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்திருக்கு. 2024 அக்டோபர் ஏலத்துல ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போனார். ரோஹிதாஸை நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்துச்சு. ஏலம்ங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்காது, மனுஷனை ஏலம் விடுறதான்னு இருக்கும். ஆனா ஒண்ணு: எழுத்துல ஒப்பந்தம் இருக்கு. என்ன காசுன்னு ஊருக்கே தெரியுது. ஆபீசர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியது இல்லை. கையில ஒப்பந்தம் இருக்கிறவனோட குரலே வேற மாதிரி இருக்கும்.

அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல்னு ரெண்டு தமிழ்ப் பசங்க 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. கார்த்தி முதல் ஆட்டத்துலயே பாகிஸ்தானோட கோல் போட்டார். அவர் அப்பா காவலாளி வேலை பார்த்தவர். 2023ல சென்னைல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தப்ப ஜப்பானோட அரை இறுதில ஒரு கோல். இப்படிப்பட்ட பிள்ளைங்க இன்னும் எத்தனையோ பேர் நம்ம பக்கம் செம்மண் தரையில ஆடிக்கிட்டு இருக்காங்க. அதுல எத்தனை பேர் "வாய் ஜாஸ்தி"ன்னு வீட்டுக்குப் போயிருப்பாங்களோ, யாரு கண்டா.

*

படிக்கிறவங்கள்ல ஹாக்கி கோச், பி.இ.டி. சார், டீச்சர் யாராவது இருந்தா ஒண்ணு கேட்டுக்கிறேன். பேட்டா காசு எவ்வளவு, எப்ப வரும்னு ஒரு தாள்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிருங்க. அப்புறம் எந்தப் பையனும் வந்து கேக்க மாட்டான். அம்பயரை எதிர்த்துப் பேசினா உட்கார வைங்க, நானே கைதட்டுவேன். கணக்கு கேட்டவனை உட்கார வைக்காதீங்க.

அப்புறம், 96 சாம்பியன்ஸ் டிராபியை எழும்பூர்ல நேர்ல பார்த்தவங்க யாராவது இருந்தா கீழ எழுதுங்க. தன்ராஜ் எந்தப் பக்கத்து கேலரி முன்னாடி அதிகமா ஓடினார்னு எங்கண்ணனுக்கும் அவர் கூட்டாளிக்கும் நடக்குற சண்டை இன்னும் தீரலை.